வலது பக்கத்து ஸ்பீக்கர்

எங்கள் துடியலூர் வீட்டில் புத்தக அலமாரியின் மேல் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பே வாங்கியவை. போன மழைக்காலத்தில் வலது பக்கத்து ஸ்பீக்கர் மங்க ஆரம்பித்தது. பாட்டு வந்தது, ஆனால் ஜால்ராவும் சலங்கையும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தன.

"தூக்கி வீசிப்போட்டுப் புதுசு வாங்குங்க. இப்பக் கையகலத்துல எத்தனையோ வருதுங்களே" என்றாள் மனைவி.

"அதுல சத்தம் வரும். பாட்டு வராது."

ரிப்பேர்தான் என்று அடம்பிடித்தேன். டவுனில் பழைய ஸ்பீக்கருக்குள் அதிர்கிற காகிதக் கோனை மாற்றித் தருகிற கடை எனக்குத் தெரியும். ஆனால் போகவில்லை. மழை என்றேன், முகூர்த்த நாள் என்றேன், கடை லீவு என்றேன். உண்மையில் பயம். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் எனக்கு டெஸ்டிங் வேலை. ஓடுகிற மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பேன். பேரிங்கில் குறை இருந்தால் கரகரவென்று காதுக்குள் வரும். மீட்டரெல்லாம் இருக்கிறது. ஆனாலும் நான் கேட்டுத் தலையாட்டினால்தான் முதலாளி லாரியில் ஏற்றுவார். அந்த மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. கேட்பது எப்போதும் வலது காதால்தான். காது போனால் பட்டறையில் எனக்கு வேறு வேலையும் தெரியாது.

பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் குறை பெட்டியிலா என்னிடமா என்பது உடனே தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. பாட்டு கேட்பதையே குறைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடித்த மனைவி, சாயங்காலம் அவளாகவே பாட்டைப் போட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் வலது பக்கந்தான் மங்கலா இருக்குது" என்றேன்.

"ஏனுங்க, அந்த டப்பா இப்ப எடது பக்கம் இருக்குதுங்க. தொடைக்கறப்ப ஒயரோட எறக்குனனா, நாந்தான் மாத்தி வெச்சுப்போட்டேன்."

அவள் அலமாரிக்கு நேரே வந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க கேக்குது. நல்லா இருக்கறதுக்கு எதுக்குங்க ரிப்பேரு? புதுசும் வேண்டாம் போங்க."

செலவு மிச்சமான சந்தோஷத்தில் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். சனிக்கிழமை நான் சரி என்று சாக்பீஸால் குறி போட்டவற்றில் ஒரே ஒரு மோட்டார் மூலையில் நின்றது. அதை ஓடவிட்டு வலது காதில் கேட்டேன். சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன். அதோடு விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு பிடியை இடது காதுக்கு மாற்றினேன்.

கரகரவென்று வந்தது. மற்ற மோட்டார்கள் சனிக்கிழமையே லாரி ஏறி ஈரோட்டுப் பக்கம் போய்விட்டிருந்தன.