புளியஞ்சோலைப் பக்கம் போன கிளைடர்

ஞாயிறு காலை: அண்ணனின் அஸ்தியைப் புளியஞ்சோலை ஓடையில் கரைத்தோம். மாலை: மலையேறி வீடு சேர்ந்தேன்.

அவர் அறையில் பசை வாசனை. பள்ளி மாணவர் படையின் விமானப் பிரிவுப் பிள்ளைகளுக்காக அவர் செய்துகொண்டிருந்த மரக் கிளைடர் ஒற்றை இறக்கையோடு மேசைமேல் கிடந்தது.

அதே வாசனை. பல வருடங்களுக்கு முன், அண்ணன் அந்தப் பிரிவில் மாணவர், நான் சிறுவன். போட்டிக்கான கிளைடரை மலை விளிம்பிலிருந்து அவர் விட்டார். பள்ளத்தாக்கின் காற்று அதை இறங்கவே விடவில்லை. மிளகுக்கொடிகளுக்கு மேலே, வெயிலில் மின்னி, புளியஞ்சோலைப் பக்கம் மெல்லக் கரைந்தது.

"தொலைச்சுட்டேனுங்க சார். படைய விட்டு நிறுத்திருவீங்களா?"

பயிற்சியாளர் சிரித்தார். "எறங்க மாட்டேங்குதுன்னா நல்லாச் செஞ்சிருக்கறே சாமி. பசைய எடு, இன்னொண்ணு செய்யலாம்."

மீதமுள்ள வேலைகள்:
இடது இறக்கையை ஒட்டுவது.
மாணவர்களிடம் சேர்ப்பது.
விளிம்பிலிருந்து விடக்கூடாதென்று சொல்வது. அண்ணன் எந்த மாணவரிடமும் அப்படிச் சொன்னதில்லை.