அர்ச்சுனன் எறியாத பழம்

போன ஞாயிற்றுக்கிழமை, சிறுசேரியில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் என்னையும் என் வீட்டுக்காரரையும் காரில் ஏற்றி மகாபலிபுரம் கூட்டிப்போனான். பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்றோம். ஒற்றைக் காலில், விலா எலும்பு தெரிய, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறாரே, அவரைக் காட்டி, "இது அர்ச்சுனன் இல்ல மேடம், பகீரதன்னும் சொல்றாங்க" என்றான் வழிகாட்டிப் பையன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்றுப் பிறந்த பயல், அர்ச்சுனனைப் பற்றி எனக்குச் சொல்கிறான்! நான் அர்ச்சுனனோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவள். என்ன, எங்கள் வீட்டு அர்ச்சுனனுக்கு விலா எலும்பு தெரியாது, தொப்பைதான் தெரியும்.

அவரோ சிற்பத்தைப் பார்க்கவேயில்லை. சோடா வண்டியில் எலுமிச்சம்பழம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்தால் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருந்தோம். அவர் அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர். கோடை வந்தால் தெருக்கூத்துக்காரர். வேன் ஓட்டும்போது பூனை மாதிரி இருக்கிற மனுஷன், சலங்கை கட்டிக்கொண்டு கிறுக்கி சுற்றினால் புழுதி இடுப்புவரை எழும்பும். கிறுக்கி என்றால் நின்ற இடத்தில் பம்பரமாகச் சுழன்று ஆடுவது. அதைப் பார்த்துத்தான் நான் கட்டிக்கொண்டேன். எங்கப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் பால்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் என் மடியில்தான். சொந்தமாக ஒன்று இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஓடியிருந்தது.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். அதில் ஒருநாள் சாயங்காலம் அர்ச்சுனன் தபசு. பனைமரத்தைச் செதுக்கி, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து மைதானத்தில் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் அதைச் சுற்றி ஆடிவிட்டு, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். பூசை முடித்து எலுமிச்சம்பழங்களைக் கீழே எறிவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானை ஏந்தி நிற்பார்கள். விழுந்த பழத்தைத் தோலும் விதையுமாகத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

எங்கள் ஊரில் வருஷா வருஷம் அந்தப் பழத்தை எறிந்தவர் என் வீட்டுக்காரர்தான். "உன் வூட்டுக்காரரு குடுத்த வரம் டீச்சர் இது" என்று மூக்கு ஒழுகும் ஒன்றைப் பால்வாடி வாசலில் என் கையில் தள்ளிவிட்டுப் போவார்கள். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துவிடுவேன்.

நான் மட்டும் அங்கே போய் நிற்க முடியாது. காப்புக் கட்டியபின் வேஷக்காரர் கோயிலிலேயே தங்கிவிடுவார், பெண்டாட்டி முகத்தில் விழிக்கக் கூடாது. விழித்தால் வரம் போய்விடும், மற்றப் பெண்களுக்கும் பலிக்காது என்பார்கள்.

அந்த வருஷம் ஒரு வளைகாப்பில் வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நீ அப்புறமா போடலாம், உக்காரும்மா" என்று ஒருத்தி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தபசு அன்று குளத்தில் முழுகி எழுந்தபோது மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்தார். "வேணாண்டி. ஊரு நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடும்."

"பண்ணட்டும் அத்தே."

மைதானத்தில் என்னைப் பார்த்ததும் சலசலப்பு. "இன்னா டீச்சர், நீயே வந்து நின்னா எங்க கதி இன்னாவறது?" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் நின்றவள் என்னைவிட மூத்தவள், முன்நெற்றியில் நரை. சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். "போயிடும்மா. எனுக்கு இதான் கடைசி." பதறிக் காலை இழுத்துக்கொண்டேன். ஆனாலும் நகரவில்லை. அன்றைக்கு எனக்கு இரக்கம் என்ற ஒன்றே இல்லை.

அவர் மேலே போய்விட்டார். வானத்தைப் பார்த்தே ஏறினார். சூடம் ஏற்றினார். பழப்பைக்குள் கையை விட்டுக்கொண்டே கீழே குனிந்தார்.

என்னைப் பார்த்துவிட்டார்.

பாட்டு நின்றது. பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியைத் திருப்பிப் பாடினார்கள், மறுபடி பாடினார்கள். மேலே இருந்து சத்தமில்லை. கடல்காற்றுக்கு மரம் லேசாக அசைந்தது. "மயக்கம் போல கீது! எவனாவது ஏறுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். "அண்ணாந்துகினு நிக்காத, தாளத்த உடாத!" என்று கூத்து வாத்தியார் தாளக்காரரை அதட்டினார். முந்தானையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். போடுய்யா, எனக்குப் போடுய்யா என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

பையிலிருந்த அத்தனை பழத்தையும் அள்ளி மறுபக்கம் எறிந்தார். பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள், என் காலைத் தொட்டவளும் ஓடினாள். நான் தன்னந்தனியாக நின்றேன். மேலே பாட்டு மறுபடி கேட்டது.

காப்பு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர், காதோரம் ஒட்டியிருந்த அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் அள்ளி எறிவே, எனக்கு ஒண்ணு போடக் கை வரலியா?" என்றேன்.

எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். பிறகு, "அவங்களுக்குப் பலிக்காட்டி அது அர்ச்சுனன் தப்பு மே. உனுக்குப் பலிக்காட்டி அது என் தப்பு. அத்த எப்டி எறியச் சொல்ற?" என்றார்.

எனக்கு எங்கே புரிந்தது? கரண்டியை விட்டெறிந்தேன். அது அவர்மேல் படாமல் மூலையிலிருந்த கோழியைப் போய் அடித்தது. ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த வருஷம் காப்புக் கட்டுவதற்கு முன்பே, "முட்டி வலி, மரம் ஏற முடியாது" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டார். வாத்தியார் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "டேய், நேத்து வேனுக்கு டயர் மாத்துன, உன் முட்டிக்கு இன்னாடா கேடு?" இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே போய்ப் பயந்துவிட்டான் என்று ஊர் கேலி பேசியது. வேஷம் வேறொருவருக்குப் போயிற்று, பிறகு இவரிடம் திரும்பவேயில்லை.

தபசு அன்று காலையில் என்னிடம் மட்டும் சொன்னார். "இப்ப நீ கூத்தாடி பொண்டாட்டி இல்ல. போயி நில்லு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் முட்டிக்கு ஒன்றுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய் நின்றேன். இவர் கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்றார். பழம் நேராக என் முந்தானையில் விழுந்தது. தோலும் விதையுமாகத் தின்றேன், அப்படி ஒரு கசப்பு.

பலிக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. செங்கல்பட்டில் டாக்டர்களைப் பார்த்தோம், அதுவும் இல்லை.

இப்போது அந்த மைதானத்தில் மனை பிரித்துக் கல் நட்டு, வீடுகளும் வந்துவிட்டன. கோயிலை ஒட்டிய சந்தில் இரும்பு ஏணி வைத்துத் தபசை முடித்துவிடுகிறார்கள். கூத்துக் கோஷ்டி கலைந்தே வெகுகாலமாகிறது. அர்ச்சுனன் இல்லாவிட்டால் வேறு வேஷமாவது கட்டேன் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "அர்ச்சுனன் ஆடுன காலு வேற எதுவும் ஆடாது" என்று சொல்லிவிட்டார். பிறகு கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளை இல்லையே என்று அழ வேண்டியதை நான் என்றைக்கோ அழுது தீர்த்துவிட்டேன். அவர் ஆட்டம் போனதற்குத்தான் இன்னும் அழுது முடியவில்லை.