இறங்கிய கோடு எழவில்லை

வெளிச்சம் பட்டதும் கண்ணுக்குள் எழும் மின்சாரத்தைப் பதிவு செய்வது என் வேலை. சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் புளுகத்தான் பார்க்கிறார்கள். கண் புளுகாது என்பது மட்டும் ஒருவருக்கும் உறைப்பதில்லை.

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி முதலாளி மகனை அழைத்து வந்தார். மகனுக்கு முப்பது வயது. அப்பாவின் லாரியைத்தான் ஓட்டுகிறான். மாப்பிள்ளைக்கு மாலைக்கண் என்று யாரோ சொல்ல, பெண் வீட்டார் டாக்டர் காகிதம் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் விழித்திரையைப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியாததால் என்னிடம் அனுப்பினார்.

சுவரில் மாட்டிய எழுத்துகளை அப்பா மகனுக்கு மனப்பாடமே செய்து வைத்திருந்தார். என் மெஷின் எதையும் கேட்காது என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. சோதனைக்கு முன் அரை மணி நேரம் கும்மிருட்டில் உட்கார வேண்டும். அதற்குள் இரண்டு தடவை செல்போனை எடுத்து வெளிச்சமடித்துக் காரியத்தைக் கெடுத்தார். அதைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விளக்கு மின்னியதும் திரையில் கோடு முதலில் கீழே இறங்கும். அது வெளிச்சத்தை வாங்கும் செல்களின் வேலை. அடுத்த நொடிக்குள் மேலே எழும். அது அவற்றிடம் சேதி வாங்கி உள்ளே தள்ளிவிடும் செல்களின் வேலை. இவனுக்கு இறங்கியது, எழவேயில்லை. பிறவியிலேயே இருட்டில் பார்வை கிடையாது.

சொன்னேன். அப்பா அசரவில்லை. லாரிக்குத் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போகும்போது பக்கத்து வண்டியின் நல்ல டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய்ப் பழகிய ஆள்.

"எங் கண்ணுல எடுத்து அவம் பேர்ல போட்டுருங்க சாமி," என்றார்.

அது நடக்காது என்றேன். அதுவரை வாயே திறக்காத மகன் எழுந்து நின்றான்.

"உள்ளதயே எழுதுங்க. பொழுது உழுந்தா எனக்கு ரோடு தெரியாதுங்க. முன்னால போற லாரியோட செவப்பு லைட்டப் பாத்துத்தான் ஓட்டறேன்."

இது உங்களுக்குத் தெரியாதா என்று அப்பாவைக் கேட்டேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தெரியாம என்னங்க? அதனாலதான் எப்பவும் அவன ரெண்டாவது வண்டியா அனுப்பறது," என்றார்.