மழையில் நனையாத தலையணை

சூடாமணியும் அவள் நாத்தனார் விஜயமும் காலமெல்லாம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதில்கூட இருவரும் ஒத்துப்போனதில்லை. ஆனால் கரமனை வீட்டில் நடந்ததை மட்டும் இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். தனித்தனியாகக் கேட்டாலும் ஒரு சொல் மாறவில்லை. அதனால்தான் நான் நம்புகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் இடவப்பாதி மழைக்காலம். ஆற்றுத் தண்ணீர் பழைய வீட்டுக்குள் ஏறிவிட்டதால், கரமனையிலேயே மேட்டுத் தெரு ஒன்றில் அவசரமாக ஒரு வீடு பார்த்துக் குடிவந்தார்கள். சூடாமணியின் கணவன் ஸ்ரீனிவாசன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். பகலெல்லாம் வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும்தான். விஜயம் ஸ்ரீனிவாசனின் அக்கா. கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

குழந்தை மாசம் நிறையாமல் பிறந்தவன். அவனுக்கு முன்னால் இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. ஆஸ்பத்திரி லேடி டாக்டர் சூடாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளையை மல்லாக்கக் கிடத்து. தனிப் பாயில் கிடத்து. தலையணை வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் துணி வேண்டாம். படுத்துப் பால் கொடுத்தபடியே நீ தூங்கிவிடாதே. மூச்சு முட்டினால் இவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

சூடாமணி ஒன்றுவிடாமல் அப்படியே செய்தாள். விஜயத்துக்கு அது பிடிக்கவில்லை.

"பிச்சைக்காரி பிள்ளையைக் கிடத்தற மாதிரி வெறும் பாயிலே போட்டிருக்கே. மெத்துனு ஒரு தலகாணி வெச்சா என்னவாம்?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கா அக்கா."

"டாக்டரோ பிள்ளையை வளர்க்கப் போறா?"

குடிவந்த இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டு நேரம். நடுக்கட்டு அறையில் குழந்தையை மல்லாக்கக் கிடத்திவிட்டு சூடாமணி சாப்பிடப் போனாள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் குழந்தை குப்புறக் கிடந்தான். மூக்கு பாயில் அழுந்தியிருந்தது. கழுத்தே நிற்காத பிள்ளை. தானாக எப்படிப் புரளுவான்?

அள்ளி எடுத்தாள். முகம் சிவந்து கன்றியிருந்தது.

"அக்கா, நீங்க கொழந்தையைக் கமுத்திப் போட்டேளா?"

"நான் அந்தப் பக்கமே வரலை. நீதான் ஒறக்கக் கலக்கத்திலே போட்டிருப்பே. என்மேலே பழி போடாதே, கேட்டியா?"

மறுநாள் குழந்தையின் முகத்தோடு ஒட்டி ஒரு தலையணை இருந்தது. சின்ன இலவம்பஞ்சுத் தலையணை. உறை பழுப்பேறி, பழைய எண்ணெய் வாடை அடித்தது. சூடாமணி அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. விஜயம்தான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். உன் பிறந்தாத்துச் சீதனமா இந்த அழுக்கு மூட்டை என்று விஜயம் கேட்டாள். பேச்சு முற்றியது. கடைசியில் விஜயம் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வீசினாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் நிற்கவில்லை. விடிந்தும் நிற்கவில்லை.

அன்று மதியம் அந்தத் தலையணை மறுபடி குழந்தையின் முகத்தருகே இருந்தது.

சூடாமணி தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

அன்று ராத்திரி விஜயம் தம்பியிடம் சொன்னாள். "உன் பொண்டாட்டி கையிலே இந்தக் கொழந்தை பிழைக்காது. எப்பவாவது ஒருநாள் ஒறக்கத்திலே மேலே புரண்டு கொன்னுட்டு, என்னைக் கைகாட்டப் போறா."

சூடாமணி அழவில்லை. அந்த நிமிஷத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தாள். இனி மதியத்தில் நாத்தனாரைக் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது. விஜயமும் அவளைப் பற்றி அதே முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குழந்தையைக் கிடத்திவிட்டு இருவரும் அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி கீரை ஆய்ந்தாள். மற்றவள் அரிசியில் கல் பொறுக்கினாள். ஒருவர் கையை மற்றவர் பார்த்தபடியே இருந்தார்கள்.

மழை கொஞ்சம் ஓய்ந்தது.

அப்போது கேட்டது.

தட்... தட்... தட்...

குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும் சத்தம். நடுக்கட்டு அறையிலிருந்து வந்தது.

சூடாமணி விஜயத்தின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் முறத்தின் மேல் இருந்தன. விஜயம் சூடாமணியின் கைகளைப் பார்த்தாள்.

தட்... தட்... தட்...

"ஆத்திலே வேறே யாருடீ?" விஜயம் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

இருவரும் ஓடினார்கள்.

அறையில் யாரும் இல்லை.

குழந்தை குப்புறக் கிடந்தான். முதுகின் மேல், தலையையும் சேர்த்து மூடியபடி, அந்தத் தலையணை.

அது நடுவில் குழிந்தது. எழுந்தது. குழிந்தது.

தட்...

குழிந்த இடத்தில் ஐந்து விரல் தடம்.

தட்...

விஜயம் பாய்ந்து தலையணையை இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். கால்களை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். உறை கிழிந்து பஞ்சு பறந்தது.

சூடாமணி குழந்தையை எடுத்துவிட்டாள்.

உதடு நீலம். மூச்சில்லை.

திருப்பினாள். முகத்தில் ஊதினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி ஊதினாள்.

ஒன்றுமில்லை...

மறுபடி.

குழந்தை வீறிட்டான்.

அப்போது அவர்கள் இருவருக்கும் நடுவில், காதோரம், ஒரு குரல்.

"ஒறங்கட்டும்..."

இரண்டு பெண்களும் கதவைக்கூடச் சாத்தவில்லை. கொட்டும் மழையில் குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, வலியசாலையில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடினார்கள். வழியெல்லாம் அவன் முகத்தில் துணி படாமல் விஜயம் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாமான்களை ஸ்ரீனிவாசன்தான் பிறகு போய் எடுத்து வந்தான். கிழிந்த தலையணை அங்கே இல்லை என்றான். பஞ்சுகூட இல்லையாம்.

அடுத்த வாரம் கரமனையில் எதிர்வீட்டிலிருந்த சீதாலக்ஷ்மி வலியசாலைக் கோயிலுக்கு வந்தவள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கும் வந்தாள். விஜயம் நடந்ததைச் சொன்னாள். சீதாலக்ஷ்மி கையிலிருந்த பிரசாத இலையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு முன்னாலே அந்தாத்திலே கோமதியம்மாள்னு ஒருத்தி இருந்தா. தெருவிலே யார் கொழந்தை அழுதாலும் அவகிட்டே கொண்டு விடுவா. அந்த நடுக்கட்டிலே போட்டுத் தட்டினா உடனே அடங்கிடும். அடங்கின கொழந்தையைப் பெத்தவ எடுத்துண்டு போய்ப் பக்கத்திலே கிடத்திப்பா. அதிலே சிலது எழுந்திருக்கவே இல்லை. பெத்தவ ஒறக்கத்திலே நசுக்கிட்டான்னுதான் ஊரே சொல்லித்து. அப்படிப் பழி வந்தவள்லே ஒருத்தி ஆத்து வெள்ளத்திலே போய் விழுந்தா."

"அவ செத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள் சூடாமணி.

"யார் சொன்னா செத்துட்டான்னு? நேமத்திலே, பொண்ணோட ஆத்திலே கெடக்கா. பாரிச வாதம். வாய் பேசாது, ஒடம்பு அசையாது. வலது கை மட்டும் மத்தியானமானா மெத்தையைத் தட்டிண்டே இருக்குமாம். போன வெள்ளிக்கிழமை அது நின்னுடுத்து. அன்னிக்குத்தான், நாலு வருஷத்துக்கப்புறம், வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாளாம்."

"என்ன கேட்டா?"

"‘கொழந்தையை எங்கே கொண்டு போனா?’ன்னு. பொண்ணு ஒண்ணும் புரியாம, எதிராத்துக்காரின்னு என்கிட்டே ஆள் அனுப்பிக் கேட்டா. எனக்கென்ன தெரியும்? உங்க கொழந்தையைத்தான் கேக்கறான்னு நினைச்சு, வலியசாலைன்னு சொல்லியனுப்பிட்டேன்."

விஜயம்தான் முதலில் எழுந்து உள்ளே ஓடினாள். குழந்தை மல்லாக்கத்தான் கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தானாக எழுந்து நடக்கும்வரை, பகலில் அவள் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை.