பூப்பெட்டியில் வைத்த ஊசி

பேபிக்கா, நீங்கள் போன செய்தி கரியாலூரிலிருந்து இறங்கிவந்த பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. மலையில் கல்யாண வீட்டுக்கு மாலை கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். டீக்கடை பாய் போன் செய்தார். "நம்ம பேபிக்கா பூட்டாங்கம்மா." காலையில் என்னை பஸ் ஏற்றிவிட்டவரே நீங்கள்தானே. நான் நம்பவில்லை.

உங்களைத் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்றீர்கள். உங்கள் முழம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். "என் கை நீளம்டி, நான் இன்னா பண்றது?" என்பீர்கள்.

அப்புறம் முட்டிவலி வந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஒருநாள் பேனா மாதிரி ஓர் ஊசியைக் காட்டினீர்கள். வாரம் ஒருமுறை வயிற்றில் குத்தினால் பசிக்காதாம், உடம்பு இளைக்குமாம்.

"டாக்டரா எழுதிக் குடுத்தாரு?"

"அவரு நட நடன்னு சொல்லிக்கினு இருக்காரு. இது தெரிஞ்சவங்க குடுத்தது. பேரு மட்டும் கேக்காத, சத்தியம் பண்ணியிருக்கேன். வெள்ளிக்கிழம குத்திக்கப் போறேன்."

ஜில்லென்று இருக்க வேண்டுமென்று பூப்பெட்டியில் ஐஸ் பக்கத்தில் வைத்தீர்கள். மூன்றாம் நாள் ஈரத்தில் லேபிள் உரிந்து மல்லிச்சரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாவில், அதற்கு அடியில் வேறொரு லேபிள்.

"இன்னாக்கா இது, சட்டைக்குள்ள சட்ட போட்டுக்கினு இருக்குது?"

"கேட்டுட்டேன்டி. வெளிநாட்டு சரக்கு அப்டித்தான் வருமாம். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

துடைத்துத் திரும்ப ஒட்டினீர்கள். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. தெரிந்த யாரிடமாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் நான் மலைக்குப் போனேன். ஊசியைக் குத்திக்கொண்ட கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கட்டிய சரத்தின் மேலேயே சாய்ந்தீர்களாம். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாய் கொண்டுவந்திருந்த பேனாவைப் பார்த்து டாக்டரம்மா கேட்டார்: "இவங்களுக்கு சுகர் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"உள்ள இருந்தது சுகர்காரங்க போடற இன்சுலின்மா. சுகர் இல்லாதவங்க போட்டா ரத்தத்துல சர்க்கர ஒரேயடியா எறங்கிடும். மேல வேற பேர ஒட்டி வித்திருக்காங்க."

பேனாவை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். யார் கொடுத்தது என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

சாவு வீட்டில், வேறு யார் அந்த ஊசியைப் போடுகிறார்கள் என்று எல்லோர் இடுப்பையும் பார்த்தேன். அது தப்புதான், ஆனாலும் பார்த்தேன். மூன்று பேர் போன மாசத்தைவிட இளைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டே என் காதில் கேட்டாள்: "அவங்க பூப்பெட்டி எங்க இருக்குது?" எதுக்கு என்றேன். கும்பலுக்குள் போய்விட்டாள். வாங்கினவளா, விற்றவளா?

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பூ பரப்பும் சாக்கை ஈரம் செய்து போட்டு, அதன்மேல் ஒரு முழம் மல்லி வைத்திருக்கிறேன். என் கை சின்னது, அதனால் உங்கள் அளவுக்குக் கால் முழம் சேர்த்தேன். போய் வாருங்கள் அக்கா. ஆனால் மறுபடி வெள்ளிக்கிழமை வருகிறது. இன்னும் எத்தனை பேர் வீட்டில் அந்தப் பேனா இருக்கிறதோ. சத்தியத்தை விட்டுத்தள்ளுங்கள்.

அந்தப் பேனாவ யாரு குடுத்ததுக்கா?