காணிக்கைப் பையில் ஐந்து கண்ணாடிகள்

என் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். விளக்கும் நிலைக்கண்ணாடியுமாக மின்னுகிற முன்பக்கத்தில் அல்ல. பின்பக்கம், ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அறையில். வட்டமாக வரும் லென்சை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சுழல்கல்லில் பிடித்து, ஃபிரேமுக்குப் பொருந்தும்படி தேய்ப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே முக்காலி. விரல் நுனிகள் ஊறி வெளுத்து, ரேகை தேய்ந்துவிட்டது. ஒருமுறை ஏதோ அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது இயந்திரம் அவளை ஏற்கவில்லை.

"உன் கை யாருதுன்னே அதுக்குத் தெரியலையாம்" என்று கேலி செய்தேன்.

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

அவளைவிட நான் ஆறு வயது மூத்தவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கிடங்கில் சேர்ந்தேன். வரும் சரக்கையும் போகும் சரக்கையும் எழுதி வைப்பது என் வேலை. தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டு வந்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்தவர் கேட்டு வரவில்லை. என் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள்.

எங்கள் தேவாலயச் சபையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லோரும் அன்றைக்கே போவார்கள். இவளும் போவாள். ஆனால் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை தனியாகப் போவாள். சற்று நேரம் பேசிவிட்டுக் கேட்பாள்: "பெரியவரோட கண்ணாடி இருக்கா?"

செத்தவரின் சட்டையை யாராவது போட்டுக்கொள்வார்கள். நாற்காலியில் யாராவது உட்கார்ந்துகொள்வார்கள். கண்ணாடியை மட்டும் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. போடவும் முடியாது, எறியவும் மனசு வராது. மேசை இழுப்பறையில் தீர்ந்த பேனாக்களோடு கிடக்கும். இவள் கேட்டதும் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அதைக் கொண்டுவந்து சோப்பு நீரில் கழுவி, பவர் அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவாள். கீறல் விழுந்த லென்சை மாற்றுவாள். புது லென்ஸ் அவள் சம்பளத்தில் வாங்கியது. சனிக்கிழமை வேலை முடிந்தபின் கல்லைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். தண்ணீருக்கும் கரண்டுக்கும் காசு கேட்காதவரை அவர் நல்ல மனிதர்.

"யாருக்கு வேணும்னு உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"பாட்டுப் புத்தகத்தை எட்ட எட்டப் பிடிச்சுக்கிட்டே போவாங்கண்ணே. கை நீளம் பத்தாமப் போற அன்னைக்குப் போய்ப் பேசுவேன்."

"கோயில்ல உனக்கு இதுதான் வேலையா?"

"கண்ணை மூடி ஜெபிக்கிறப்போ பாக்க மாட்டேன்."

ஆனாலும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் சீட்டு வாங்கி, அதற்குச் சரியான கண்ணாடி தன்னிடம் இருந்தால்தான் கொடுப்பாள். இறந்தவரின் கண்ணாடி என்பதையும் மறைக்க மாட்டாள். பெட்டியில் வைத்து அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு கொடுப்பாள். போட்டவுடன் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்வாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவள் நடையே வேறாக இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பாள்.

"இன்னைக்கு ஒருத்தர் போட்டுப் பாத்துட்டு, பொண்டாட்டி பக்கம் திரும்பி, 'நீ எப்படி இவ்வளவு கிழவியான?'ன்னு கேட்டுட்டார்ண்ணே."

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"'இதைக் கொண்டுபோயிரும்மா, இந்த மனுஷன் குருடாவே இருக்கட்டும்'னாங்க."

சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தாள். சம்பளம் கூடிய நாளில்கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள்.

கொடுக்கிறேன் என்று அவள் சொன்னதே இல்லை. "கை மாத்தி விடுறேன்" என்பாள். போதகர் ஒரு ஞாயிறு உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். நமக்குள்ளதெல்லாம் ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்தது, நாம் அதைப் பார்த்துக்கொள்ளும் வெறும் உக்கிராணக்காரர் என்றார். எனக்கு அது நீளமாகப் பட்டது. இவள் நடந்து வரும்போது சுருக்கிவிட்டாள்: "சாவி வேலைக்காரி இடுப்புல இருக்குன்னா வீடு அவளுதா?"

கண்ணாடிகள் பெருகியதும் எது யாருக்குப் போனது என்று அவளுக்குக் குழப்பம் வந்தது. நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, தேதி, முதலில் யாருடையது, இப்போது யாரிடம், பவர் என்று நான்கு கட்டம். பதினொரு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று. ஒரு அடித்தல் கிடையாது. அந்த நோட்டை எடுத்துப் புரட்டும்போது எனக்குக் கர்வம் வரும்.

கர்வம் இருக்கிற இடத்தில் எரிச்சலும் இருக்கும். ஒவ்வொரு வருடமும் நன்றி ஆராதனையில், சபைக்குக் கொடுத்தவர்களின் பட்டியலைச் செயலாளர் வாசிப்பார். மின்விசிறி கொடுத்தவர், திரைச்சீலை கொடுத்தவர். முதல் பெயர் எப்போதும் சிமெண்ட் கடைக்காரருடையது. அவர் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். அது பத்து நிமிடம் பின்னால் ஓடும். ஒரே கடிகாரத்துக்குப் பத்து வருடம் நன்றி கேட்டேன். என் தங்கையின் பெயரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பதினோராவது வருடம் நோட்டைக் கொண்டுபோய்ச் செயலாளர் கையில் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்து வியந்தார். "என்ன அழகா எழுதியிருக்கீங்க! வாசிக்கலாமா?"

"தாராளமா" என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. அவள் எழுந்து நிற்க, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டேன்.

செயலாளர் முதலில் அவள் பெயரைத்தான் வாசித்தார். கைதட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "யார் யாருக்கு உதவினாங்கன்னும் சபை தெரிஞ்சுக்கணும்" என்று நோட்டைத் திறந்தார். தேதி, பெயர், யாருடைய கண்ணாடி. நான் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்ததால் அவருக்கு எங்கும் தடுக்கவில்லை.

பன்னிரண்டாவது பெயர் டீச்சருடையது.

டீச்சர் ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். மூன்றாவது வரிசையில் தனியாக உட்காருவார். மூக்கில் இருக்கும் கண்ணாடியை வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மகன் கடிதம்கூடப் போடுவதில்லை என்பது என் தங்கைக்குத் தெரியும். "அப்படியே சொல்லிக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்திருந்தாள். அதையும் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் நோட்டைக் கொடுத்தேன், அந்த நேரத்தில் அது நினைவில் வரவில்லை என்றாலும்.

செயலாளர் வாசித்தார்: டீச்சர் பெயர், இரண்டரைப் பவர், இறந்துபோன தபால்காரரின் கண்ணாடி.

டீச்சர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கைப்பைக்குள் வைத்தார். அந்தப் பையின் கொக்கி மூடிய சத்தம் கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

வழியெல்லாம் தங்கை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தாள்.

"உன் பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்" என்றேன்.

"என் பேரு யாருக்குண்ணே தெரியாது? கடையில ஒரு நாளைக்கு நாப்பது தடவை கூப்பிடுறாங்க."

"தப்பா நினைச்சுச் செய்யல."

"அவங்க கண்ணை மட்டுமா என்கிட்ட கொடுத்தாங்க? வெக்கத்தையும் சேத்துக் கொடுத்து வெச்சிருந்தாங்க. அதைப் பாத்துக்கத்தான் நான். நீ எடுத்து விநியோகம் பண்ணிட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். நான்கு அறை அறைந்திருந்தால் தேவலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை வரிசை வரிசையாகப் போனது. வழக்கமாகக் காகிதம் சரசரக்கும், நாணயம் விழும். அன்றைக்கு வேறு மாதிரிச் சத்தம் வந்தது. முன்னால் கொண்டுபோய்த் தட்டில் கவிழ்த்தபோது ரூபாய்களுக்கு நடுவே ஐந்து கண்ணாடிகள் விழுந்தன. போதகர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் வழக்கம்போல் தட்டை உயர்த்தி, அவற்றையும் சேர்த்து ஆசீர்வதித்தார்.

ஆராதனை முடிந்ததும் தங்கை போய் ஐந்தையும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே வீடு வீடாகப் போனாள். ஒருவர் இரண்டு நாள் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் திறந்தார். மனைவியைக் கிழவி என்றாரே, அவரும் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருவர். நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள், பழைய சிரிப்பு இல்லாமல். டீச்சர் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "நீ நல்லாயிரும்மா, எனக்கு இப்ப இது இல்லாமலே தெரியுது" என்று சொல்லிவிட்டார். கோயிலில் மூடிய பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை மட்டும் பாடுகிறார்.

இப்போது யாராவது இறந்தால், பதினைந்து நாள் கழித்து இவள் போகும்போது கண்ணாடி கொடுக்கிறார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. கை நீளம் பத்தாதவர்கள் இவள் கிட்டே வந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். என் நோட்டை நான் அடுப்பில் போட்டேன். அதனால் ஒருவருடைய பெயரும் யாருடைய காதிலிருந்தும் அழியவில்லை.

போன மாதம் எனக்கே எழுத்து மங்கியது. டாக்டர் இரண்டரைப் பவர் எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிப் பார்த்தவளிடம், அவள் மேசையில் இருந்த கண்ணாடியைக் காட்டி, "அதான் இருக்கே, சும்மாதானே கிடக்கு" என்றேன்.

"அது டீச்சரோடது."

"அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே."

"கொடுத்தாச்சுண்ணே. இப்போ என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். நீ கடையில வாங்கிக்கோ."

முழு விலை கொடுத்து வாங்கினேன். லென்சை அவள்தான் தேய்த்தாள். இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது.

அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கிறேன். முன்பு என்னோடு கடைசி வரிசையில் இருந்தவள் இப்போது நான்காவது வரிசையில், டீச்சருக்கு நேர் பின்னால் உட்காருகிறாள். சனிக்கிழமைதோறும் துடைத்து வைக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டி அவள் மடியில் இருக்கும். பாட்டு எண் சொன்னவுடன் மூடியைத் திறந்து வைப்பாள். பாட்டு முடிந்ததும் மூடுவாள். டீச்சர் இன்னும் திரும்பவில்லை.