படம் தெரியுதா?

ஓடைப்பட்டியில் ஆடிக்காற்று அடித்தால் எங்கள் வீட்டு ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். கொடைக்கானல் டவரைப் பார்த்து நிற்க வேண்டியது, வேறெங்கோ பார்க்கும். டி.வி.யில் வெறும் புள்ளிகள் ஓடும். நான் மாடியேறிக் குழாயைத் திருப்புவேன். படம் வந்ததா இல்லையா என்று உள்ளேயிருந்து என் மனைவி கத்துவாள்.

பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆடியில் காற்று வந்தது. நான் பாட்டுக்கு மாடியேறி, குழாயைத் திருப்பி, "தெரியுதா?" என்று கத்திவிட்டேன். பிறகுதான் உறைத்தது. குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

தெருவில் மொபெட்டில் போர்வை விற்றுக்கொண்டு வந்த பாய் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"யார்ட்டண்ணே கேக்குறீக? உள்ள ஆளு இல்லையா?"

"இல்ல பாய்."

வேறொன்றும் கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"புள்ளியா இருக்குண்ணே... இன்னுங் கொஞ்சம்... ஆங், வந்துருச்சு!"

பங்குனிக்குப் பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து எனக்கு ஒரு குரல் வந்தது அன்றுதான். வேண்டுமென்றே குழாயை மறுபடி திருப்பினேன்.

"போயிருச்சேண்ணே!"

"இப்ப?"

"இல்லண்ணே."

இப்படியே எவ்வளவு நேரம் அவரைக் கத்த வைத்தேனோ. கடைசியில் எனக்கே வெட்கமாகி, டவருக்கு நேராகக் குழாயை நிறுத்தினேன். "இப்ப?"

"இன்னும் வரலண்ணே. மெதுவாத் திருப்புங்க, நான் இங்கனதான் இருக்கேன்."

இறங்கி வந்து பார்த்தேன். படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இப்போது வீட்டில் டிஷ் இருக்கிறது. எந்தக் காற்றுக்கும் திரும்புவதில்லை. மாடியேறி யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.